கடைசி வகுப்புக்கு 'விடாமுயற்சி' என்று பெயர்

ஜெலுத்தோங் அம்மா:

மகன் இந்த வருடம்தான் தமிழ்ப்பள்ளி முடித்துப் படிவம் ஒன்றுக்குப் போயிருக்கிறான். பினாங்குத் தீவில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி, பெயர் இங்கே வேண்டாம். அங்கே வகுப்புகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைப்பதில்லை. அமானா, பெஸ்தாரி, செக்கால், டினாமிக் என்று மலாய்ச் சொற்களாகப் போகும். நாணயம், அறிவு, மனவுறுதி, துடிப்பு. நல்ல குணங்களாகத் தேடித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் எழுத்துகளை வரிசையாகப் பார்த்தால் பழைய ஏ, பி, சி, டி தரவரிசை அப்படியே நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஓய்வுநேரம்வரைகூட ஆகவில்லை. ஏழாவது வகுப்பு, அதுதான் கடைசி, அதற்குப் பெயர் கிகிஹ். விடாமுயற்சி என்று அர்த்தம். என் மகன் சத்து கிகிஹ், அதாவது ஒன்றாம் படிவம் கிகிஹ்.

போன வாரம் சின்னவள் மேசையில் மைலோவைக் கொட்டிவிட்டாள். இவன் உடனே 'போடி கிகிஹ்' என்றான். எனக்குப் புரியவில்லை. அது என்னடா திட்டு என்று கேட்டால், பள்ளியில் அப்படித்தான் சொல்வார்களாம். பந்தைத் தவறவிட்டால் கிகிஹ், சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டால் கிகிஹ். விடாமுயற்சி என்கிற சொல் அந்த வளாகத்துக்குள் மக்கு என்று ஆகிவிட்டது. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அவனே அந்த வகுப்பில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைத் திட்டாகப் பயன்படுத்துகிறான், அதில் அவனுக்கு எந்த நெருடலும் இல்லை.

நான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிகமாக யோசிக்கிறேன் என்கிறார் வீட்டுக்காரர். அப்படியா?


செந்தூல் ஒன்பதாம் மாடி:

வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகள் பள்ளியில் பூப்பெயர்கள். மாவார், மெலோர், அப்படியே போய்க் கடைசியில் தெராத்தாய், அதாவது தாமரை. அங்கே தாமரை என்றால் மக்கு. நாளைக்கு எல்லா வகுப்புக்கும் தங்கம் என்று பெயர் வைத்தாலும் 'பின்கட்டடத் தங்கம்' என்று ஒன்று முளைக்கும். பிரித்து வைத்ததுதான் காரணம், சொல் என்ன செய்யும் பாவம்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. முதல் வகுப்பில் ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் வருகிறார். கடைசி வகுப்பில் எடுத்தால் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதைக் கேளுங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில். பெயரைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்கும் சந்தோஷம், செலவில்லாமல் மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.


ராத்திரி ஷிப்ட்:

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். ஒன்பதாம் மாடி அண்ணே, சொல் என்ன செய்யும் என்று கேட்டீர்கள் இல்லையா, எங்கள் வேலையில் சொல் ஆளையே கொல்லும்.

பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார். மொழி நம் சிந்தனையை வளைக்கிறது என்று சொன்னவர்களில் இவர் பெயர்தான் முதலில் வரும். ஆனால் அவர் பிழைப்புக்குச் செய்த வேலை பேராசிரியர் வேலை இல்லை. ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு தீக்காப்புறுதி நிறுவனத்தில் இருந்தார். தீப்பிடித்த இடங்களுக்குப் போய், ஏன் பிடித்தது என்று பார்த்து எழுதுவது வேலை. அங்கேதான் அவர் கவனித்தார்: பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்கள் இருக்கும் பக்கம் ஆட்கள் பயந்து நடக்கிறார்கள், காலிப் பீப்பாய்கள் இருக்கும் பக்கம் சிகரெட் பிடிக்கிறார்கள். உண்மையில் காலிதான் ஆபத்து. உள்ளே ஆவி நிற்கிறது, பொறி பட்டால் போதும். ஆனால் 'காலி' என்ற சொல்லைக் கேட்டதும் மனசு 'ஒன்றுமில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறது.

இங்கேயும் அதே கதை. 'கோசோங்', அதாவது மலாயில் காலி, என்று சாக்பீஸால் எழுதிய டிரம் மேல் உட்கார்ந்து ஒருவர் லைட்டரைத் தட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் கோசோங் என்று எழுத விடுவதில்லை, 'ஆவி உண்டு' என்று எழுதச் சொல்கிறோம். டிரம் அதே டிரம், ஆள் நடந்துகொள்வது மாறிவிட்டது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வோர்ஃப் இதைக் கொஞ்சம் நீட்டிவிட்டார். ஹோப்பி என்கிற பழங்குடி மொழியில் காலத்தைக் குறிக்கச் சொற்களே இல்லை என்கிற அளவுக்குப் போனார். மலோட்கி என்ற ஆய்வாளர் 1983 இல் தடிமனான ஒரு புத்தகமே போட்டு, அதெல்லாம் நிறையவே இருக்கிறது என்று காட்டிவிட்டார். அதனால் மொழி மண்டைக்குச் சிறைச்சாலை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காலி டிரம் கதையை நான் நம்புகிறேன், ஏனென்றால் மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்கிறேன்.


செந்தூல் ஒன்பதாம் மாடி:

டிரம் கதை நல்ல கதை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, டிரம்முக்குத் தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். பிள்ளை அதை மீறி வருவான். நானே உதாரணம்.

ரவாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். 80களில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தேன். அப்போதெல்லாம் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளியிலிருந்து டவுன் பள்ளிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. மலாய்மொழிக்காக ஒரு வருடம் உட்காரவேண்டும். ரிமூவ் கிளாஸ் என்பார்கள். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் கொண்டுபோனார். கிராணி 'உன் மகனை ரிமூவ்ல போட்டிருக்காங்க' என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரிந்த ரிமூவ் ஒன்றே ஒன்று, பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயரை வெட்டுவது. பெயர் வெட்டிவிட்டால் வேலை இல்லை, வீடும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பி, பால் வெட்டும் உளியைக் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் மரம் வெட்டினேன். நான்காம் நாள் எங்கள் தமிழ் வாத்தியார் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்து, 'யோவ், பையனைத் தள்ளலைய்யா, மலாய் சொல்லிக்குடுக்க ஒரு வருஷம் வெச்சிருக்காங்க' என்று விளக்கிய பிறகுதான் பள்ளிக்கு அனுப்பினார்.

போனேன், படித்தேன், இன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். ரிமூவ் என்ற சொல் என்னை ஒன்றும் செய்துவிடவில்லை.


தமிழ் தாமதம்:

அண்ணே, நீங்கள் எந்தப் பக்கம் வாதாடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிகிறதா? ஒரு சொல் உங்களை மூன்று நாள் ரப்பர்க்காட்டில் வைத்தது. சைக்கிளில் வந்த வாத்தியார் கொண்டுவந்தது காசும் இல்லை, கட்டடமும் இல்லை. வேறு ஒரு சொல்லைத்தான் கொண்டுவந்தார்.

அந்த வகுப்புக்கு மூன்று பெயர் இருக்கிறது பாருங்கள். ஆங்கிலத்தில் ரிமூவ், அது இங்கிலாந்துப் பள்ளிகளின் பழைய வழக்கு, இரண்டு படிவங்களுக்கு நடுவில் இருக்கும் வகுப்பு என்று பொருள். அங்கே யாரும் அதைக் கேட்டு நடுங்கவில்லை, இங்கே உங்கள் அப்பா நடுங்கினார். மலாயில் பெராலிஹான், மாறிப் போவது. தமிழில் புகுமுக வகுப்பு, உள்ளே நுழைகிற முகம். ஒரே அறை, ஒரே கரும்பலகை. ஒரு மொழியில் வெளியேற்றுகிறார்கள், ஒரு மொழியில் மாற்றுகிறார்கள், ஒரு மொழியில் வரவேற்கிறார்கள். கிராணி புகுமுகம் என்று சொல்லியிருந்தால் உங்கள் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து உங்களைச் சேர்த்திருப்பார்.


செந்தூல் ஒன்பதாம் மாடி:

மடக்கிவிட்டீர்கள். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை, உண்மையாகவே. முப்பது வருடமாகச் சிரித்துக்கொண்டு சொல்லும் கதை இது.

ஆனால் வாத்தியார் வராமல் ஒரு நல்ல பெயர் மட்டும் வந்திருந்தால்? அதையும் யோசியுங்கள்.


கணக்கு டீச்சர்:

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றேன். பெயர்ப் பலகைகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், நான் பாடத்துக்குள்ளே நடந்ததைச் சொல்கிறேன்.

பின்னம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நான்கில் மூன்று என்கிறோம். முதலில் முழுசு எத்தனை துண்டு என்று சொல்லிவிட்டு, அப்புறம் அதில் எத்தனை எடுத்தோம் என்று சொல்கிறோம். கேக்கை வெட்டிவிட்டுத்தானே எடுக்கிறோம், அதே வரிசை. மலாயில் திகா பெர் எம்பாட், ஆங்கிலத்தில் த்ரீ ஓவர் ஃபோர். இரண்டிலும் எடுத்தது முதலில் வருகிறது, முழுசு பின்னால் வருகிறது. 2003 இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள், முதலாம் ஆண்டிலிருந்து. நானும் இரவெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு தயார் செய்து போனேன். அதுவரை என் பிள்ளைகள் பின்னம் என்றதும் வட்டம் போட்டுக் கோடு கிழிப்பார்கள். ஆங்கிலத்துக்கு மாறியதும் த்ரீ ஓவர் ஃபோர் என்றால் ஒரு கோடு, மேலே ஓர் எண், கீழே ஓர் எண், அவ்வளவுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதைக் கூட்டு, கீழே உள்ளதைக் கூட்டு, ஐந்தில் இரண்டு என்று எழுதினார்கள். தமிழில் படித்தவர்களும் இந்தத் தப்பைச் செய்வார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களிடம் 'ஐந்தில் இரண்டு என்றால் அரையைவிடப் பெரிதா சிறிதா, வாயால் சொல்லிப் பார்' என்றால் பாதிப் பேர் தாங்களாகவே ரப்பரைத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் டூ ஓவர் ஃபைவ் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தச் சொல் எந்தப் படத்தையும் எழுப்பவில்லை.

உடனே தமிழ் வாழ்க என்று கைதட்டாதீர்கள். தொண்ணூறு என்று ஒரு வில்லங்கம் இருக்கிறது. இருபது, முப்பது, எண்பது என்று ஒழுங்காக வந்த பிள்ளை, தொண்ணூறு என்றதும் உள்ளே 'நூறு' கேட்கிறது என்று மூன்று இலக்கம் எழுதுகிறது. தொள்ளாயிரம் என்றால் நான்கு இலக்கம். மலாயில் செம்பிலான் புலுஹ், ஒன்பது பத்து, கண்ணாடி மாதிரி தெளிவு. என் வகுப்பில் வருடா வருடம் மூன்று நான்கு பேராவது அந்த இடத்தில் சறுக்குவார்கள். நான் சங்கடமே படாமல் அந்த ஒரு வாரம் மட்டும் மலாயைப் பக்கத்தில் எழுதிப் போட்டுவிடுவேன்.

கொரிய மொழியிலும் பின்னத்துக்கு நம் வரிசைதான். அதை வைத்து ஆய்வாளர்கள் பிள்ளைகளைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள், முடிவில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. நான் ஆய்வாளர் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் சொல்கிறேன், சொல்லின் வரிசை பிள்ளைக்குக் கைப்பிடி மாதிரி. இருந்தால் சட்டென்று ஏறிவிடும், இல்லாவிட்டால் தவழ்ந்து ஏறும்.

2009 இல் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2016 இலிருந்து இருமொழித் திட்டம் என்று வேறு பெயரில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை சண்டைக்களம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.


வசதியான வாசகன்:

டீச்சர், உலகம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, நீங்கள் இன்னும் நான்கில் மூன்று என்று நிற்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வேலை யார் கொடுப்பார்?


கணக்கு டீச்சர்:

என்னிடம் நான்கில் மூன்று படித்தவன் ஒருவன் இப்போது பினாங்கு ஆலையொன்றில் சிப் சோதனைப் பிரிவில் இருக்கிறான். ஆங்கிலத்தில்தான் வேலை பார்க்கிறான். முதலில் பின்னம் புரியவேண்டும் தம்பி, எந்த மொழியில் சம்பளம் வாங்குவது என்பது பிறகு.


பழைய சிலேட்டு:

ஜோர்ஜ்டவுன்காரன். எழுபதைத் தாண்டிவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளிகளின் பெயரையே பாருங்கள். செக்கோலா கெபங்சான் என்றால் தேசியப் பள்ளி. நம்முடையது செக்கோலா ஜெனிஸ் கெபங்சான், தேசிய வகைப் பள்ளி. நடுவில் அந்த 'வகை' எதற்கு? தேசியம் இல்லை, தேசியம் மாதிரி ஒன்று. வெண்ணெய் இல்லை, வெண்ணெய் வகை என்றால் கடையில் வாங்குவீர்களா? என் நண்பர்கள் பலர் இந்தச் சொல்லைத்தான் குறை சொல்வார்கள். மானியம் வரும்போது முழு உதவி, பகுதி உதவி என்று பிரிப்பதுகூட இந்தச் சொல்லில் தொடங்கியது என்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பழைய தேர்ச்சிக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 60களில் நான் படித்தது ஆங்கிலத் தொடக்கப்பள்ளி. சப்பாத்து பாலிஷ் போடாவிட்டால் வாசலில் நிறுத்துவார்கள், டவுனில் பெரிய இடத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். அதன் தலைப்பிலும் அதே ஜெனிஸ் கெபங்சான்! 1956 இல் ரசாக் கல்வி அறிக்கை வந்தபோது மலாய்ப்பள்ளி ஒரு பக்கம், ஆங்கிலம், சீனம், தமிழ் மூன்றும் 'வகை' என்று மறுபக்கம். 1961 கல்விச் சட்டத்தில் அது தேசியம், தேசிய வகை என்று நிலைத்தது. 1970 இலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் முதலாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக மலாய்க்கு மாறி, தேசியப் பள்ளிகள் ஆகிவிட்டன. 'வகை'யில் மிஞ்சியது சீனமும் தமிழும்.

என் கேள்வி இதுதான். அந்த ஆங்கிலப் பள்ளியில் படித்த நாங்கள் யாராவது 'வகை' என்பதற்காக வெட்கப்பட்டோமா? அப்படி ஒரு சொல் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. காசும் பேரும் இருந்த இடத்தில் அந்தச் சொல் வாலாட்டவில்லை. தகரக் கூரையும் ஒரே அறையில் மூன்று வகுப்பும் இருந்த தோட்டப்பள்ளியில் அதே சொல் பல்லைக் காட்டியது. ஒன்பதாம் மாடி தம்பிக்கு நான் பாதி மார்க் போடுகிறேன்.

தமிழ் வகுப்பு இந்த நாட்டில் தொடங்கியதே ஓர் ஆங்கிலப் பள்ளிக்குள்தான். 1816 இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். 2016 இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடியது அதை வைத்துத்தான். அதற்குப் பிறகு தோட்டங்களில் பள்ளி கட்டாயமானது 1923 தொழிலாளர் சட்டத்தால், அதாவது கல்விச் சட்டத்தால் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை பத்தை எட்டினால் தோட்டத்துக்காரர் பள்ளி வைக்கவேண்டும். அந்தக் காலத்துச் சட்டத்தின் கண்ணில் நம் பிள்ளைகளின் படிப்பு லயத்து வீடு, தண்ணீர், மருந்து ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு தொழிலாளர் வசதி. எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதினார்கள் என்பதும் மொழிதான், இல்லையா?

இன்னொன்று, தலைப்புக்கு வெளியேதான். எங்கள் தெருவில் தமிழ் முஸ்லிம்கள் 'பள்ளிக்குப் போறேன்' என்றால் தொழப் போகிறார்கள், படிக்கப் போவது 'பள்ளிக்கூடம்'. சின்ன வயதில் என் கூட்டாளி வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்குப் போறேன் என்பான், நானும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்க் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வாசலில் நின்றிருக்கிறேன். அந்தப் பெயரில் உள்ள 'கெலிங்', இந்தியரைக் குறிக்கும் பழைய சொல், அங்கே ஒரு தலைவரின் பட்டத்தில் இருக்கிறது. அதே சொல்லை விளையாட்டுத் திடலில் ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்னபோது மூக்கில் ரத்தம் வந்தது. அவன் மூக்கில்.


ராத்திரி ஷிப்ட்:

ஐயா, கடைசி வரிக்கு ஒரு சல்யூட்.


தமிழ் தாமதம்:

நான் தேசியப் பள்ளியில் படித்தவள். அதனால்தான் இந்தப் பெயர், தமிழ் எழுதக் கற்றது இருபத்து இரண்டு வயதில், தப்பிருந்தால் டீச்சர் திருத்துங்கள். எங்கள் பள்ளியில் தமிழ் பாடமாக இருந்திருக்க வேண்டும். பி.ஓ.எல். என்பார்கள், மாணவரின் சொந்த மொழி. 1996 கல்விச் சட்டம், குறைந்தது பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது. எங்கள் வருடம் பதினாறு பேர் கேட்டார்கள். ஆசிரியர் இல்லையாம். ஒரு மொழி 'சொந்தம்' என்று பெயர் வாங்கியிருக்கிறது, அட்டவணையில் அதற்கு ஒரு பிரியட் கிடையாது.

ஜெலுத்தோங் அக்கா கூட்டத்துக்குப் போவீர்கள் என்றால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறது. மலாயிலும் இருக்கிறது, கித்தா, காமி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வீ. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் காசு வேண்டும் என்றால் கித்தா வரும்: கித்தா எல்லோரும் சேர்ந்து கூரையை மாற்றுவோம். முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் காமி வரும்: காமி பள்ளித் தரப்பு ஏற்கனவே தீர்மானித்துவிட்டோம். எந்த வாக்கியத்தில் கித்தாவிலிருந்து காமிக்குத் தாவுகிறார்கள் என்று பார்த்தால் உங்களை எந்த இடத்தில் வெளியே நிறுத்தினார்கள் என்று தெரிந்துவிடும். நான் இதை அலுவலகத்திலும் செய்கிறேன். அங்கே எல்லாம் ஆங்கிலம், வீ தான். யார் உள்ளே யார் வெளியே என்று போனஸ் வரும்வரை தெரியாது.

கல்வி என்றால் என்ன என்று அமைச்சுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. 2004 இலிருந்து 2013 வரை மலாயில் அது பெலாஜாரான் அமைச்சு. அதற்கு முன்பும் பின்பும் பெண்டிடிக்கான் அமைச்சு. முதலாவதில் பாடம் நிற்கிறது, இரண்டாவதில் வளர்ப்பு நிற்கிறது. தமிழில் நாம் இரண்டையும் கல்வி அமைச்சு என்றே எழுதிவிட்டுப் போய்விட்டோம், பலகை மாறியதே பலருக்குத் தெரியாது. ஆனால் மலாயில் அந்த அஜார் என்ற வேர் சும்மா இல்லை. குராங் அஜார் என்று யாரையாவது சொல்லிப் பாருங்கள், அடி விழும். 'குறைவாகக் கற்பிக்கப்பட்டவன்', சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அது பிள்ளையைத் தாண்டிப் போய் அம்மா அப்பாவை அறைகிற சொல். நம் ஊரில் படிக்காதவன் என்றால் வேலை கிடைக்காதவன். அங்கே கற்பிக்கப்படாதவன் என்றால் மரியாதை தெரியாதவன். என் மலாய்த் தோழியின் அம்மா, மகள் எத்தனை ஏ வாங்கினாலும் பெரியவர்கள் முன்னால் குனிந்து நடக்காவிட்டால் 'என்ன படித்தாய்' என்று கேட்பார். என் அம்மா ஏ கம்மி என்றால் கேட்பார்.


கணக்கு டீச்சர்:

தமிழ் நன்றாகவே இருக்கிறது அம்மா, திருத்த ஒன்றுமில்லை.

ஏ என்றதும் நினைவு வந்தது. தேர்வு வேண்டாம், பிள்ளைகளைத் தரம் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி வகுப்பறை மதிப்பீடு வந்தது இல்லையா, அடைவுநிலை 1 முதல் 6 வரை, மலாய்ச் சுருக்கத்தில் டிபி. பிள்ளை எதைச் செய்ய முடிகிறது, அடுத்து எதைக் கற்கவேண்டும் என்று சொல்லும் அளவுகோல் அது. ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021 இல் எடுத்துவிட்டார்கள். நானும் பெற்றோரிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்குவேன், இது மார்க் இல்லை, உங்கள் பிள்ளை வரும் வழி என்று. எல்லாம் கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போது ஓர் அப்பா கேட்டார், 'சரி டீச்சர், டிபி நாலுன்னா பி யா சி யா?'


செந்தூல் ஒன்பதாம் மாடி:

அந்த அப்பா நானாக இருக்கலாம்.


வசதியான வாசகன்:

எல்லோரும் சொல், சொல் என்கிறீர்கள். தமிழ்ப்பள்ளி அரசியலமைப்புக்கு முரண் என்று வழக்குப் போட்டார்களே, அது சொல்லா? பள்ளியே இருக்குமா என்பதுதான் பிரச்சினை.


பழைய சிலேட்டு:

அந்த வழக்கும் ஒரு சொல்லைப் பற்றியதுதான் தம்பி. அரசியலமைப்பின் 152 ஆம் பிரிவு, தேசியமொழி மலாய், அதிகாரப்பூர்வ நோக்கத்துக்கு அதுதான், ஆனால் மற்ற மொழிகளைப் பயன்படுத்தவும் கற்கவும் கற்பிக்கவும் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அந்த மொழியில் கற்பிப்பது வேறு, இரண்டாவதற்குப் பாதுகாப்பு இல்லை என்பது எதிர்த்தரப்பு வாதம். தமிழில் ஒரே ஒரு வேற்றுமை உருபு, தமிழை, தமிழில். அதற்குள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள். 2021 இல் உயர்நீதிமன்றமும் 2023 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நம் பக்கம் தீர்ப்புச் சொல்லின. இனிமேல் யாராவது இலக்கணம் சோறு போடுமா என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.


ஜெலுத்தோங் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சனிக்கிழமை கூட்டம் முடிந்தது. கித்தா பதினொரு முறை, காமி நான்கு முறை, எண்ணினேன். வகுப்புப் பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை. மாற்று ஆசிரியரைப் பற்றிக் கேட்டேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள், யார் குறித்தார்கள் என்று பார்த்தேன், ஒருவர் பேனா எடுத்தார்.

அதைவிட வேறு ஒன்று எழுத வந்தேன். தமிழ் தாமதம் அந்த 'ரிமூவ்' பற்றி எழுதியதைப் படித்த பிறகு நானே என் வாயைக் கவனிக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில், கோயிலில், டியூஷன் விசாரிக்கும் இடத்தில், எங்கே போனாலும் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு 'தமிழ்ப்பள்ளியில் படித்தவன், மலாய் கொஞ்சம் வீக்' என்று ஒரே மூச்சில் சொல்கிறேன். காற்புள்ளி போட்டுச் சேர்த்தே சொல்கிறேன், முதல் பாதி இரண்டாம் பாதிக்குக் காரணம் மாதிரி. கிகிஹ் என்று பள்ளி பெயர் வைப்பதற்கு முன்னாலேயே நான் வைத்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து வரும் வழியில் நாசி கண்டார் கடையில் நிறுத்தினோம். ராமநாதபுரத்திலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் மேசை துடைத்துக்கொண்டிருந்தான், இன்னும் மலாய் பிடிபடவில்லை. சீருடையைப் பார்த்து 'எந்த வகுப்பு தம்பி' என்றான். இவன் 'சத்து கிகிஹ்' என்றான், குரல் உள்ளே போய்விட்டது. 'கிகிஹ்னா என்ன?' இவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. 'விடாமுயற்சி' என்றான். அந்தப் பையன் 'ஓ' என்றுவிட்டு, குழம்பு மேலே ஊற்றவா தனியாகவா என்று கேட்டான். அவ்வளவுதான். அவனுக்கு அது வெறும் ஒரு சொல், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மகன் அன்றைக்கு இரண்டாவது தட்டும் சாப்பிட்டான்.


செந்தூல் ஒன்பதாம் மாடி:

அதெல்லாம் சரி அக்கா, மலாய்க்கு டியூஷன் கிடைத்ததா?


ஜெலுத்தோங் அம்மா:

கிடைத்தது தம்பி. செவ்வாய், வியாழன். மாதம் 80 ரிங்கிட். டீச்சர் முதல் நாளே எந்த வகுப்பு என்று கேட்டார், ஒன்றாம் படிவம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.